எரிமலைமேல் போட்ட பழி

நான் கெட்டவன் இல்லை, வாய்க்கொழுப்பு பிடித்தவன், அவ்வளவுதான். இரண்டு மாதமாக எனக்கு நானே இப்படிச் சொல்லிக்கொள்கிறேன். நம்பத்தான் முடியவில்லை.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருக்கிறேன். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூட்டி, யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது என்று பிரித்துவிடுவது என் வேலை. ஜனவரியில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை என்னைக் கூப்பிட்டு, பேக்டரியில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போதவில்லை, ஏழாம் நம்பர் மலையின் நிழல் மரங்களை வெட்டப்போகிறோம், ஆட்களிடம் சொல்லிவிடு என்றார். மறுநாள் பெரட்டில் சொன்னேன்.

வீரம்மா மட்டும் முன்னால் வந்தாள். முப்பது வருடமாகக் கொழுந்தெடுப்பவள், அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

"வெயிலு வருசா வருசம் ஏறிக்கிட்டே போகுதுங்க ஐயா. மனுசங்க விடுற பொகையாலதான்னு டீவியில சொல்றாங்க. நாமளும் இருக்கிற நிழல வெட்டி எரிச்சா எப்புடிங்க?"

துரை ஜீப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. முதல் நாள்தான் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன்.

"எரிமலை ஒண்ணு வெடிச்சா, மனுசன் நூறு வருசம் விடுற பொகைய ஒரே நாள்ல கக்கிரும். இந்த வெயிலு அதாலதான். நீ போயி எரிமலைக்கு மூடி போட்டுட்டு வா, நான் மரத்த விட்டுர்றேன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். துரைகூடச் சிரித்தார். வீரம்மா கூடையை எடுத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பினாள். அன்று மத்தியானம் சோறு எனக்கு ருசியாக இருந்தது.

மரங்கள் போயின. மார்ச் மாதத்தில் ஒரு நாள் உச்சி வெயிலில், ஒதுங்க நிழலில்லாமல் வீரம்மா மயங்கிச் சரிவில் உருண்டாள். கால் எலும்பு முறிந்துவிட்டது.

அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு வந்து, அந்த வீடியோவைத் திரும்பத் தேடினேன். தப்பு என்னுடையதல்ல என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது. கிடைத்தது வேறு. உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து வருடமெல்லாம் விடும் கரியமில வாயு, மனிதர்கள் விடுவதில் நூறில் ஒரு பங்குகூட இல்லையாம். பெரிதாக ஒன்று வெடித்தாலும், அதன் கந்தகப் படலம் வெயிலை மறைத்து, ஓரிரு வருடம் உலகம் கொஞ்சம் குளிரத்தான் செய்யுமாம். நாலைந்து இடத்தில் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதேதான் இருந்தது.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகுதான் அவளுடைய லயத்து வீட்டுக்குப் போகத் தைரியம் வந்தது. பிஸ்கட் பெட்டி ஒன்று வாங்கிப் போனேன், வெட்கங்கெட்டவன். அவள் என்னை உட்காரச் சொல்லி, தேத்தண்ணி கொடுத்தாள். தொழிற்சங்கத்துக்காரர்கள் வந்து, நிழல் மரத்தை வெட்டியதால்தான் விழுந்தாயா என்று கேட்டார்களாம்.

"நான் இல்லன்னுட்டேங்க. எங்கயோ எரிமலை வெடிச்சதுக்கு இங்க யார குத்தம் சொல்றது? ஐயாதான் வெவரமா சொன்னீங்களே."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். நான் அவளைக் கேலி செய்து சொன்னதையே அவள் எனக்காகச் சாட்சியாகச் சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எரிமலை இல்லை, மனிதர்கள் விடும் புகைதான், துரை பார்க்கிறாரே என்று தெரியாததைத் தெரிந்த மாதிரி உளறினேன் என்றேன்.

வீரம்மா அழவுமில்லை, திட்டவுமில்லை.

"அப்ப அன்னைக்கு நான் சொன்னது சரிதாங்களா?"

"சரிதான்."

"சிரிச்சவங்க எல்லாம் பெரட்டுலதான நின்னாங்க. அங்க வச்சே சொல்லிருங்க."

நாளைக்கே சொல்கிறேன் என்று வந்தேன். அதற்குப் பிறகு ஒன்பது பெரட்டு முடிந்துவிட்டது. ஒரு நாள் மழை, ஒரு நாள் துரை நின்றார், ஒரு நாள் எனக்கு இருமல். சாக்குக்கா பஞ்சம்?

இன்று காலை ஆட்களைப் பிரிக்க வாயைத் திறந்தபோது கூட்டம் விலகி வழிவிட்டது. வீரம்மா கம்பை ஊன்றி, ஒவ்வொரு அடியாக நடந்துவந்து முன்வரிசையில் நின்றாள். முதுகில் கூடை இல்லை. அவள் வேலைக்கு வரவில்லை, நான் சொல்வதைக் கேட்க வந்திருந்தாள்.