அத்தை மகனுக்கு என்ன இங்கிலீஷ்?

“ஏங்க, அத்தை பையனுக்கு இங்கிலீஷ்ல என்ன?”

ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குக் குடித்த டீ புரையேறியது. மனைவி வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் அவர்தான் என்பதால் பேனா அவர் கையில். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், அவர் என்ன உறவு என்று கேட்டிருந்தது. கட்டிய புருஷன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, இவள் டாக்ஸி ஓட்டும் அத்தை மகன் பேரைச் சொல்கிறாள்! அதுவும் யார்? ஒரு காலத்தில் இவளைப் பெண் கேட்டு வந்தவன். மனுஷனுக்கு வயிறு எரியாதா? திகுதிகுவென்று எரிந்தது.

“பிரதர்” என்றார்.

“அண்ணன் தம்பியா? ஐயையோ! எனக்குக் கட்டிக்கிற முறையாச்சே அவரு. கசின்னு ஒண்ணு இருக்காமே? அவரே சொன்னாரு.”

கசின்! சித்தப்பா மகனும் கசின், கட்டிக்கொள்ளும் முறைக்காரனும் கசின். என்ன பாஷையோ, கண்றாவி!

“ஏன், என் பேரு உன் வாயில வராதா?”

“கோபப்படாதீங்க. அன்னிக்குக் கையைச் சுட்டுக்கிட்டேனே, ஆபீஸ்ல இருந்து எத்தனை வாட்டி கூப்பிட்டாங்க? தெரியாத நம்பர்னு கட் பண்ணீங்க. அவருதான் ஓடி வந்தாரு.”

“அது அன்னிக்கு! இனிமே எந்த நம்பர்னாலும் எடுப்பேன், போ.” தன் பேரையும் நம்பரையும் எழுதினார். உறவு: ஹஸ்பண்ட். அழுத்திய அழுத்தில் காகிதம் கிழியாதது ஆச்சரியம்.

மறுநாள் ஒரு கடையில் பழைய ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தலையை விட்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். லோன் வேணுமா என்று கேட்கிற தொல்லைதான் என்று கட்டைவிரல் பாட்டுக்குச் சிவப்பை அழுத்தியது. மறுபடி அடித்தது. மறுபடி அழுத்தியது.

சாயங்காலம் மனைவி புதுப் படிவத்தோடு வந்தாள். சண்டை போடவில்லை, போட்டிருந்தால்கூடத் தேவலை.

“நம்பர் சரியான்னு பார்க்க ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டாங்களாம். யாரோ கட் பண்ணிட்டாங்களாம். வேற ஆள் பேரு கேக்கறாங்க. எழுதுங்க.”

அசடு வழிய, டாக்ஸிக்காரன் பேரை எழுதினார். நம்பரை அவள் எதையும் பார்க்காமலே சொன்னாள். அது வேறு சுருக்கென்று தைத்தது. உறவு என்ற இடத்தில் பேனா நின்றது. பிரதர் என்று போட்டுவிட்டால் ராத்திரி தூக்கமாவது வரும். மேஜைமேல் அவள் கை, சூட்டுத் தழும்போடு அவர் கண்ணெதிரே இருந்தது.

“சரியா எழுதுங்க. நான் விழுந்து கிடந்தா ஒருத்தராவது வரணும்ல?”

கசின் என்று எழுதிக் கொடுத்தார். ஓர் எழுத்துகூடப் பிழையில்லை.