மாறிப்போன சாவிகள்

பத்திரப்பதிவு அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையல்காரியின் கண், முன்னால் இருந்தவரின் சட்டைக் காலரில் ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டிருப்பதைக் கவனித்தது. வேறொரு நாளாக இருந்தால் அதை இழுத்துச் சரிசெய்ய விரல் பரபரத்திருக்கும். இன்றைக்குக் கண்தான் அங்கே இருந்தது, மனம் வாசலில் காவல் நின்றது. பக்கத்து வீட்டு நர்சம்மா இன்னும் வந்து சேரவில்லை.

வேன் ஓட்டும் தையல்காரியின் கணவர் வெளியே போய் எட்டிப் பார்த்துவிட்டு, தலையில் மழைத்துளியோடு திரும்பி வந்தார். உதட்டைப் பிதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

மழைத்துளியைக் கண்டதும் அவளுக்குத் துணிகள் ஞாபகம் வந்தன. நாளைக்குக் கொடுக்க வேண்டிய கல்யாண வீட்டுத் துணிகள் மொத்தமும், தைக்கும்போது போட்ட சாக்பீஸ் கோடு போக அலசி, மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. போகட்டும், முதலில் மாடி நம்முடையதாகட்டும், துணியைப் பிறகு பார்ப்போம் என்று தன்னைத்தானே அடக்கிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். ஒட்டினாற்போல் இரண்டு வீடுகள், ஒரே ஆள் கட்டி விற்றவை. தெருவைப் பார்த்த வீடு நர்சம்மா பெயரிலும், உள்ளே தள்ளியிருந்தது தையல்காரி பெயரிலும் பதிவானது. குடிவந்த அன்றைக்கே நர்சம்மா சாவியும் கையுமாக வந்து நின்றாள். அவளுக்கு எப்போதும் இரவு டூட்டி. பகலில் தூங்க வேண்டியவளுக்குத் தெருவோரம் எதற்கு? தையல்காரிக்கோ போர்டு மாட்டத் தெரு வேண்டும். வாசலில் நின்றபடியே சாவியை மாற்றிக்கொண்டார்கள். பத்திரத்தை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை. வந்து விழும் வேலையில் இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் அது அடியோடு மறந்துபோனது.

மகளுக்கென்று போன வருஷம் மாடி எழுப்பினார்கள். அதன் மழைக்குழாய்த் தண்ணீர் நேராக நர்சம்மாவின் முற்றத்தில் கொட்டியது. முதலில் முணுமுணுப்பு, பிறகு வாக்குவாதம், கடைசியில் பேச்சே நின்றது. அக்கா அக்கா என்று அழைத்த வாய், சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பதே தெரியாதது போல மூடிக்கொண்டது. மாடியை மகள் பெயருக்கு எழுதலாமென்று போனபோதுதான் பத்திரம் எழுதுகிறவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, ஊரான் வீட்டு மேலயா மாடி கட்டியிருக்கீங்க?"

கணவர் போய் நர்சம்மாவின் கேட்டில் நின்று எல்லாவற்றையும் சொல்லி, பத்திரத்தை மாற்றிப் பதியக் கேட்டார். எந்த நாள், எத்தனை மணி என்று மட்டும் கேட்டுக்கொண்டு அவள் கதவைச் சாத்திவிட்டாள். அன்று மாலை அவளுடைய தம்பி வந்திருந்தார். சுவரைத் தாண்டிக் குரல் கேட்டது. "அவசரப்படாதீங்கக்கா. மாடியோட சேத்து அந்த வீடு உங்களுதுதான்." அதற்கு நர்சம்மா சொன்ன பதில் குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தில் அமுங்கிப்போனது. அன்றிலிருந்து தையல்காரிக்குத் தூக்கம் சரியாக இல்லை. அந்த வீட்டு வாசலில் மாட்டிய போர்டுதான் அவளுக்குச் சோறு போட்டது, மகளைப் படிக்க வைத்தது. அதெல்லாம் யாரோ ஒருத்தி உள்ளங்கையில் வைத்த சாவியால் வந்தது என்பதை இத்தனை நாள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லையே என்று இப்போது உறுத்தியது.

அவர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். இன்னொருத்தர் வரணும் என்று கணவர் இழுத்தார். வராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுவேன் என்றார் பதிவாளர் அம்மா. அந்த நேரத்தில்தான் நர்சம்மா தொப்பலாக நனைந்து, பைக்குள் பத்திரத்தை மட்டும் நனையாமல் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

இது பரிவர்த்தனைப் பத்திரம், இந்த வீட்டுக்கு அந்த வீடு, சம்மதத்தோடுதான் கையெழுத்துப் போடுகிறீர்களா என்று பதிவாளர் வழக்கம்போல் கேட்டார்.

"சம்மதம்னு அன்னைக்கே சாவியக் குடுத்துட்டேனேம்மா," என்றாள் நர்சம்மா. "பேப்பர்தான் இப்ப வருது."

கட்டைவிரலை மையில் ஒற்றிப் பதித்தாள். பக்கத்தில் தையல்காரியும் பதித்தாள். நன்றி என்று சொல்ல வாயெடுத்தால் அழுகை முந்திக்கொள்ளும் போலிருந்தது. அதனால், ஏன் இப்படி நனைஞ்சீங்க என்று கேட்டாள்.

"உன் மாடிப்படி ஏறி இறங்கினா நனையாம என்ன செய்யும்? மழை வந்துச்சு, கொடியில கல்யாணத் துணி கிடந்துச்சு. கையெழுத்துப் போடுற வரைக்கும் அது என் மாடிதானே. என் மாடியில காயுறத நான்தானே எடுக்கணும்."

கணவர் திரும்பிக்கொண்டு, இல்லாத தும்மலைத் தும்மினார்.

திரும்பும்போது வேனில் இரண்டு பெண்களும் பின்னால் உட்கார்ந்தார்கள். வேன் தெரு முனை திரும்பியது.

"அக்கா," என்றாள் தையல்காரி. அந்தச் சொல் வாயில் புதுச்செருப்பு போலக் கடித்தது. "அன்னைக்கு உங்க தம்பி சொன்னதுக்கு என்ன பதில் சொன்னீங்க?"

"டீ வேணுமான்னு கேட்டேன்."

குழாயை இந்த வாரமே திருப்பிவிடுவதாக முன்னாலிருந்து கணவர் சொன்னார். அதைச் செய்துவிட்டால் அப்புறம் சண்டை போட விஷயத்துக்கு எங்கே போவது என்று நர்சம்மா கேட்டாள். ஆனாலும் திருப்பச் சொன்னாள்.

வீட்டு வாசலில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. ஈரப் பை ஒரு கையிலும் முந்தானை மறு கையிலுமாக நர்சம்மா தடுமாறி, தன் வீட்டுச் சாவியைத் தையல்காரியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தா, நீயே திற."

கதவு திறந்தது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நாற்காலி முதுகில், கதவு மேல், சன்னல் கம்பியில், மருந்து அலமாரியின் கைப்பிடியில் என்று அந்த ஒற்றை ஆள் வீடு முழுக்கத் துணிகள். மணப்பெண்ணின் பாவாடை கட்டில்மேல் விரிந்திருந்தது. குழந்தைகளின் சின்னச் சட்டைகள் காற்றில் கைகளை வீசிக்கொண்டிருந்தன, கல்யாணத்துக்கு முன்னதாகவே வந்து இறங்கிவிட்ட கூட்டம் போல.