போடாத போல்ட்

சேதுமாதவன் அந்த விளையாட்டுச் சாமான் கடைக்குக் கொண்டுவந்தது பில்லியர்ட்ஸ் ஆடும் கியூ குச்சியை. சோதிக்க வந்ததோ தன் வலது கையை. அவர் பல் மருத்துவர். முழங்கையில் நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போக, லீவில் கோயம்புத்தூர் போய் ஆபரேஷன் செய்துகொண்டு, வேலை பார்க்கும் அமீரகத்து அல் ஐனுக்குத் திரும்பியிருந்தார். உணர்வு வந்துவிட்டது போலவும் இருந்தது, வராதது போலவும் இருந்தது. குச்சியின் கனம் கூடினால் கைக்குத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் கிளினிக் வேலையை விட்டுவிடுவது என்று காரிலேயே மனைவி ராதாவிடம் சொல்லிவிட்டார்.

இதெல்லாம் கடையில் விற்பனையாளாக நின்ற உடையப்பனுக்குத் தெரியாது. தேவகோட்டையில் ஜவுளிக்கடைக் குடும்பம். சேலையை உதறிப் போடுகிற வேகத்திலேயே பாதி விலையை ஏற்றிவிடத் தெரிந்தவர்கள். அந்தக் கை இங்கே வந்து கேரம் போர்டும் கிரிக்கெட் மட்டையும் விற்றுக்கொண்டிருந்தது.

"இதுக்குப் பின்னாடி கொஞ்சம் கனம் கூட்டித் தர முடியுங்களா? எவ்வளவுன்னு மட்டும் சொல்லாதீங்க. நானே பிடிச்சுப் பார்த்துச் சொல்றேன்" என்றார் சேதுமாதவன்.

"இதுதான் சார் ஆட்டக்காரன் பேச்சு" என்றான் உடையப்பன். குச்சியை ஆள்காட்டி விரல்மேல் குறுக்கே வைத்து, முன்னும் பின்னும் நகர்த்தி, தராசு முள் போல நேராக நின்ற இடத்தில் மெல்லிய டேப் ஒன்றைச் சுற்றினான். "இங்கனதான் இதுக்கு இடுப்பு. அடியில கனம் ஏத்துனா இடுப்பு பின்னால இறங்கிரும். அப்புறம் அடியைப் பாருங்க!"

சொன்னது அத்தனையும் உண்மை. குச்சியின் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே இரும்பு போல்ட். அதை எடுத்துவிட்டு அதைவிடக் கனமானதைப் போட்டு முடுக்கவேண்டும். கனமான போல்ட்டுகள் உள்ளறையில் டப்பா நிறைய இருந்தன. உடையப்பன்தான் அவற்றைத் தொடுவதில்லை.

ஒருமுறை வேலை மும்முரத்தில் மறந்துபோய், ஒன்றும் செய்யாத குச்சியையே திருப்பிக் கொடுத்துவிட்டான். வாங்கிய பாகிஸ்தான் பட்டாணியர், "வாஹ் பாய்!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்றைக்குப் பிடிபட்டது சூட்சுமம். கனம் தெரியவில்லை என்று சொல்ல எந்த ஆட்டக்காரனுக்கும் வாய் வராது. மூடியைக் கழற்றினால் ரப்பர் கிழிந்தாலும் கிழியும், கிழிந்தால் முதலாளிக்குப் பதில் சொல்லவேண்டும். அதற்குப் பதில் உள்ளறையில் போய்ச் சுத்தியலால் மேசையை நாலு தட்டுத் தட்டி, குச்சியைத் துணியால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினால் போதும்.

அன்றும் தட்டினான், துடைத்தான், நீட்டினான். பக்கத்து கஃபட்டீரியா சுஐபு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர். உடையப்பனிடம் கனம் கூட்டிக்கொண்டவர்.

சேதுமாதவன் கண்ணை மூடிக்கொண்டு குச்சியைப் பிடித்தார். இழுத்தார், தள்ளினார். பிடியை மாற்றிப் பிடித்தார்.

"கூட்டிட்டீங்களா?"

"நல்லாவே கூட்டியிருக்கேன் சார். சும்மா கல்லு மாதிரி நிக்குமே!"

"எனக்கு ஒண்ணும் தெரியலைங்க."

இந்த வாக்கியத்தை உடையப்பன் இதுவரை கேட்டதில்லை. ஆனாலும் வியாபாரி வாய் தானாகப் பேசியது. "புதுச் செருப்பு மாதிரிதான் சார். போகப் போகத் தெரியும்."

"இங்க கொடுங்க சார்" என்று சுஐபு வாங்கி ஒரு வீச்சு வீசினார். "யா அல்லாஹ்! எனக்கே தெரியுதே! பின்னாடி என்னா கனம்ங்கிறீங்க! அண்ணன் கை பட்டா அப்படித்தான்."

சேதுமாதவன் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்திலிருந்த கிரிக்கெட் சாமான் பெட்டிமேல் உட்கார்ந்தார். "ராதா, அவருக்குத் தெரியுது. எனக்குத் தெரியல. கிளினிக்குக்குப் போன் பண்ணிடறேன்."

"ஏனுங்க அவசரப்படறீங்க?"

"அவசரம் என்ன இருக்கு? ஊசி எங்க நிக்குதுன்னு விரல் சொல்லணும். சொல்லாத விரலை வெச்சுட்டு ஒருத்தர் வாயில கை விட முடியுமா?"

விழித்துக்கொண்டு நின்ற உடையப்பனிடம் ராதா தணிந்த குரலில் சொன்னாள்: "கையில ஆபரேஷன் ஆச்சுங்க. உணர்வு வந்துடுச்சான்னு பார்க்கத்தான் இங்க வந்தோம். நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. உங்க வேலையில குறையில்லை."

அந்தக் கடைசி வார்த்தைக்குப் பதில் அவனைச் செருப்பால் அடித்திருக்கலாம். சேதுமாதவன் மொபைலை எடுத்து இடது கையால் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சார், போன் பண்ணாதீங்க" என்றான் உடையப்பன். "நான் கனம் கூட்டவே இல்லை."

சேதுமாதவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "நல்ல மனசுங்க உங்களுக்கு. ஆறுதலுக்குச் சொல்றீங்க."

பொய் அத்தனையும் இதுவரை சொன்ன விலைக்குப் போயிருந்தது. ஒரே ஒரு உண்மையை விரித்துப் போட்டால் வாங்க ஆளில்லை.

உடையப்பன் குச்சியை எடுத்து, டேப் சுற்றிய இடத்தில் விரலைக் கொடுத்தான். இம்மியும் சாயாமல் நேராக நின்றது. "இடுப்பு அங்கனயேதான் இருக்கு, பாருங்க. ஏத்தியிருந்தா இறங்கியிருக்கணும். உள்ள போயி மேசையைத் தட்டிட்டு வந்தேன், அம்புட்டுத்தான்."

"அப்ப எனக்குத் தெரிஞ்சது என்னா?" என்றார் சுஐபு. உடையப்பன் பக்கம் திரும்பி, "அண்ணே, அப்ப என் குச்சி?" என்றார். உடையப்பன் குடிக்காமல் வைத்திருந்த டீயை எடுத்துக்கொண்டு சுஐபு வெளியே போய்விட்டார்.

உடையப்பன் ஓடிப்போய் டப்பாவையும் நீளமான ஸ்க்ரூடிரைவரையும் கொண்டுவந்தான். "இப்ப நெசமாவே போட்டுத் தர்றேன் சார்."

சேதுமாதவன் குச்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வேண்டாங்க. ராதா போடட்டும். எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ராதா மூடியில் கை வைத்தவள் நிமிர்ந்தாள். "நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. கனைச்சு கினைச்சு அவருக்கு ஜாடை காட்டிடுவீங்க."

தன் கடையிலேயே உடையப்பன் டேபிள் டென்னிஸ் மட்டைகள் தொங்கிய சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். முதுகுக்குப் பின்னால் மூடி கழன்ற சத்தம். இரும்பு உரசியது. பிறகு மூடுகிற சத்தம்.

"நீ ஒண்ணும் போடலை. பழைய கனம்தான்" என்றது சேதுமாதவன் குரல்.

மறுபடி கழற்றல், முடுக்கல். குச்சி முன்னும் பின்னும் பலமுறை போய்வருகிற சத்தம். உடையப்பன் உள்ளங்கை வேர்வையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"இழுக்குது. ராதா, பின்னாடி இழுக்குது!"

"இருங்க. இப்ப?"

"எடுத்துட்டே."

வளையல் சத்தம் சட்டென்று நின்றது. ராதா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சுவரைப் பார்த்து நின்றவனுக்குத் தெரியவில்லை. இனித் திட்டுவார்கள் என்று காத்திருந்தான். திட்டினால் பதிலுக்கு ஏதாவது பேசி ஒப்பேற்றிவிடலாம். மன்னிப்பென்றால் அதையும் அழகாகக் கேட்கத் தெரியும்.

"போலாம் ராதா" என்றார் சேதுமாதவன்.

கதவு திறந்தது. வெளியிலிருந்து வெயிலின் அனல் வந்து முதுகில் மோதியது. கதவு மூடிக்கொண்டது. திரும்பலாம் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. உடையப்பன் மட்டைகளைப் பார்த்தபடியே நின்றான்.