தொப்பி மூடிய பெயர்ப்பலகை

கணவன் செராஃபினின் பக்கத்தில் சிவப்புக் கோட்டு போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள் என்பதை விட, அவன் அவளோடு பேசிக்கொண்டிருந்தான் என்பதைத்தான் ஜென்சியால் நம்ப முடியவில்லை. ரொட்டிக்கடையில் கசகசா ரோல்களைக் காகிதப் பையில் போட்டுக்கொண்டிருந்தவள் கையை அப்படியே நிறுத்தினாள்.

"அந்த ஆளா? பேசிட்டா இருந்தான்?"

"நல்லாவே பேசிட்டிருந்தார்டி. கையெல்லாம் ஆட்டி ஆட்டி," என்றாள் மாடிவீட்டு பூர்கி. "மலைமேல மிருகப் பூங்காவுல, நீர்நாய்த் தொட்டி பக்கத்துல. பேரனைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். உங்கிட்ட சொல்லவே கூடாதுன்னுதான் நெனச்சேன்."

"அப்படியே இருந்திருக்கலாம். ரோல் மூணா, நாலா?"

புதன்கிழமைதோறும் செராஃபின் பேருந்து பிடித்து ஹால் ஊருக்குப் போய், கூட வேலை பார்த்தவர்களோடு சீட்டாடுகிறான் என்றுதான் ஜென்சி நினைத்திருந்தாள். ஓய்வுபெறும் வரை அவன் கேபிள் கார் ஓட்டியவன். பெட்டி மேலே ஏற ஏற, ஒலிபெருக்கியில் ஒவ்வொரு சிகரமாகப் பெயர் சொல்லி, அதோடு ஒரு கதையும் சொல்லி, அந்தரத்தில் தொங்குகிற பயத்தையே பயணிகள் மறக்கும்படி செய்கிறவன். வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் ஓயாது. வேலையை விட்டதும் பேச்சும் நின்றுபோயிற்று. சாப்பாட்டு மேசையில் 'ம்' என்றும், ஜன்னலோரத்தில் 'அதோ' என்றும் சொல்வதோடு சரி. முப்பது வருஷப் பேச்சையும் பெட்டியிலேயே தீர்த்துவிட்டான் போல என்று ஜென்சி மகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். சிரிக்காத நாட்களும் இருந்தன. போன வாரம்கூட அவள் கேட்ட எதற்கோ அவன் பதில் சொல்லாமல் நிற்க, "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தியிருந்தாள்.

இன்னொருத்தி என்றால் வயிறு எரிய வேண்டும். எரியத்தான் செய்தது, ஆனால் லேசாக. அதற்கு மேல் அவளைக் குடைந்தது வேறொன்று. தன்னிடம் பேச ஒன்றுமே இல்லாத மனுஷனுக்கு, அவளிடம் கையை ஆட்டிப் பேச அப்படி என்ன இருக்கிறது?

அடுத்த புதன்கிழமை, கடையில் ஒருத்தியிடம் முறையை மாற்றிக்கொண்டு, செராஃபின் கிளம்பிப் போன பிறகு அவளும் மலையேறும் பேருந்தில் ஏறினாள்.

"ஒரு ஆள்தானா?" என்றாள் நுழைவுச்சீட்டு கொடுத்த பெண்.

"ஒரு ஆள்தான். இன்னொண்ணு உள்ள இருக்கணும்."

மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வந்தது. பாதையின் செங்குத்தைக் கால் மறந்தே போயிருந்தது. சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூண்டுகள். கீழே ஆறும் கூரைகளும் பொம்மை ஊர் மாதிரி. வெளியூர் மிருகம் ஒன்றுகூடக் கிடையாது. சிங்கம் எங்கே என்று அழுத ஒரு குழந்தையை அதன் அப்பா கரடியைக் காட்டிச் சமாதானம் செய்துகொண்டிருந்தான். கரடி முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. பாறை விளிம்பில் நின்ற மலையாட்டுக் கிடா ஒன்று தன் பெரிய வளைந்த கொம்பாலேயே பின்முதுகைச் சொறிந்துகொண்டது. அவ்வளவு பெரிய கொம்புக்கு அப்படியும் ஒரு உபயோகம் இருப்பது ஜென்சிக்கு அன்றுதான் தெரிந்தது.

தேடி வந்த காரியத்தை அவள் அவ்வப்போது மறந்துபோனாள். லிங்க்ஸ் பூனையின் வேலிக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். புதர், விழுந்த மரம், நிழல். ஒன்றுமில்லை என்று திரும்பப் போகையில், மரத்தடியில் இருந்த நிழலுக்குக் காது இருப்பது தெரிந்தது. அது முதலிலிருந்தே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பல வருஷமாகத் தன்னை யாரும் அத்தனை கவனமாகப் பார்த்ததில்லை என்று தோன்றியதும், அவள் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டாள்.

தலையை நிமிர்த்தியபோது, மேல் வளைவில் சிவப்புக் கோட்டு தெரிந்தது.

பிணந்தின்னிக் கழுகுகளின் பெரிய வலைக்கூண்டை ஒட்டி ஒரு மரக்குடில் இருந்தது. ஜென்சி அதன் பின்னால் போய் நின்றாள். இந்த வயதில் இப்படி ஒளிந்து நிற்பது வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நின்றாள்.

அந்தப் பெண்ணுக்கு ஐம்பது இருக்கும். இடது கையைக் கோட்டுப் பைக்குள் செருகி வைத்திருந்தாள். கூட நின்ற செராஃபின் தன் தொப்பியைக் கழற்றி, எதிர்க் கூண்டின் பெயர்ப்பலகைமேல் மாட்டினான். உள்ளே காட்டுப்பூனை ஒன்று கிளையில் சுருண்டு கிடந்தது. அந்தப் பெண் அதை உற்றுப் பார்த்தாள்.

"பூ... காட்டு..." என்று இழுத்துவிட்டுச் சொன்னாள், "மாமியார்."

"பாதி சரி," என்றான் செராஃபின்.

இருவரும் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவன் சிரிப்புச் சத்தத்தை ஜென்சி கேட்டு எத்தனை நாளாயிற்று. விடுகதை விளையாட வயசான ரெண்டு குழந்தைங்களா மலையேறி வந்துச்சு, என்று நினைத்துக்கொண்டாள். எரிச்சலாகவும் இருந்தது, அடுத்தது என்ன என்று பார்க்கவும் ஆசையாக இருந்தது.

அடுத்தது அவன் முறை. அந்தப் பெண் தொப்பியை எடுத்துப்போய்ப் பக்கத்துப் பலகையை மூடினாள். வளைகளும் கற்களுமாக இருந்த புல்மேட்டில் ஒரு மர்மோட், கொழுத்த அணில் மாதிரி பின்னங்காலில் நின்று, கேரட் துண்டை இரு கையிலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது.

இது ஒரு கேள்வியா என்று ஜென்சிக்குத் தோன்றியது. செராஃபின் மலைமேய்ச்சல் குடிசைகளில் கோடைதோறும் வளர்ந்தவன். மர்மோட்டுகளின் நடுவில்தான் நடை பழகியிருப்பான்.

"இது..." என்றான் அவன். "இது குழி தோண்டும். ஆளைப் பார்த்தா விசிலடிக்கும். பனிக்காலம் பூரா தூங்கும். இதோட கொழுப்பை முட்டிக்குத் தேய்ப்பாங்க."

"சரி. பேரு?"

மர்மோட் கேரட்டைத் தின்று முடித்து, இன்னொரு துண்டைத் தேடி எடுத்தது. ஜென்சியின் உதடு தானாக அந்தப் பெயரைச் சொன்னது. இங்கிருந்தே அவனுக்குக் கேட்டுவிடாதா என்பது போல இன்னொரு முறையும் சொன்னது. அவன் வலது முஷ்டியால் தன் தொடையை மெல்லக் குத்திக்கொண்டிருந்தான்.

"அவ...சரம் இல்ல," என்றாள் அந்தப் பெண். "அவசரம் இல்ல."

குடிலின் பலகைச் சுவரில் ஜென்சி சாய்ந்துகொண்டாள். உப்பு ஜாடியைக் கேட்காமல் எழுந்து வந்து அவனே எடுத்துக்கொள்வது. மகள் தொலைபேசியில் அழைத்தால், "இந்தா, உன் பொண்ணு" என்று பெயர் சொல்லாமல் நீட்டுவது. தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறபோது அவன் உதடும் கூடவே அசைவது. ஒவ்வொன்றையும் அவள் பார்த்துத்தான் இருந்தாள். பார்த்ததை எல்லாம் வீம்பு என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

செராஃபின் கடைசியில் தொப்பியைத் தூக்கிப் பலகையைப் படித்தான். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெயரை வாய்க்குள் திரும்பத் திரும்ப உருட்டினான்.

சரளைக்கல் சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தான். ஜென்சி எதிரில் நின்றாள். ஓடிவிடப் போகிறவன் போல அவன் தோள் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நேரானது.

"ஹால்ல சீட்டு எப்படிப் போச்சு?" என்றாள் அவள்.

"தோத்துட்டேன்."

அந்தப் பெண் வலது கையை நீட்டினாள். "வில்மா. எனக்கு... ஸ்ட்ரோக். இவருக்கு... வேற. ஆஸ்பத்திரில ஒரே..." கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டாள்.

"வகுப்பு," என்றான் செராஃபின்.

"வகுப்பு. நீங்க ஜென்சி. கேட்ல நுழைஞ்சதும்... முதல்ல உங்க பேரைச் சொல்லுவார். அப்பறம்தான் கரடி."

ஜென்சிக்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "கரடிக்கு முன்னாடியாவது வெச்சானே," என்றாள். பிறகு அவனிடம், "எப்பத்துல இருந்து தெரியும்?"

"பனி விழறதுக்கு முன்னாடி."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"வார்த்தை தொலையறது கூடிட்டே போகுமாம். மெதுவாவா, சீக்கிரமான்னு அவருக்கே தெரியல."

"எங்கிட்ட சொல்ல வார்த்தை கிடைக்கலையா உனக்கு?"

"வார்த்தை இருந்துச்சு," என்றான் செராஃபின். "தைரியம்தான் இல்ல. நீ எனக்காகச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சிருவே. ஒவ்வொரு வார்த்தையா. பாவம்னு பாத்துக்கிட்டே."

திட்ட வேண்டும் போலிருந்தது. ஒரு பனிக்காலம் முழுக்கத் தனியாக இருந்துகொண்டு, அவளையும் தனியாக விட்டதற்காக. ஆனால் அவன் சொன்னது உண்மைதான்; இந்த நிமிஷம்கூட 'மர்மோட்' அவள் நாக்கு நுனியில் நின்றுகொண்டிருந்தது. கூச்சலிட்டுக்கொண்டு ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் அவர்களுக்கு நடுவில் புகுந்து ஓடியது. அது கடந்து போகிற வரை ஜென்சி அவன் கையிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை வாங்கிக்கொண்டு மேலே நடந்தாள். இருவரும் பின்னால் வந்தார்கள்.

அடுத்த கூண்டில் வெறும் பாறைச்சுவர்தான் இருந்தது. வெடிப்புகளில் பாசி, மேலிருந்து ஒழுகும் நூல்போல் தண்ணீர். பலகையைப் படிக்காமலேயே ஜென்சி அதன்மேல் தொப்பியை மாட்டினாள்.

"எனக்கும் தெரியாது," என்றாள். "நானும் ஆட்டத்துக்கு வரேன்."

"உள்ள ஒண்ணும் இல்ல," என்றாள் வில்மா.

"இருக்கு," என்றான் செராஃபின். "பாறையைப் பாக்காத. பாறையில எது நகருதுன்னு பாரு."

மூவரும் வலையை ஒட்டி நின்றார்கள். ஜென்சியின் தோள் அவன் தோளில் பட்டது, இருவருமே நகரவில்லை. சாம்பல் நிறக் கல்தான் மேலும் மேலும் தெரிந்தது. வெகுநேரம் கழித்துக் கல்லின் ஒரு சிறு துண்டு ஒரு விரற்கடை மேலே ஏறியது. ஊசி மாதிரி நீண்ட அலகை வெடிப்புக்குள் விட்டு எதையோ இழுத்தது.

பெயரைச் சொல்லப் போகிறவன் போல செராஃபின் மூச்சை உள்ளே இழுத்தான். ஜென்சி அவன் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குருவி இன்னும் ஒரு எட்டு மேலே ஏறியது. ஏறும்போது இறக்கையை ஒரு கணம் விரித்தது. அத்தனை சாம்பலுக்குள்ளே ரத்தச் சிவப்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது. மறுபடியும் கல்லாகிப்போனது. பிறகு இன்னும் கொஞ்சம் மேலே, தண்ணீர் ஒழுகும் இடத்துக்குப் பக்கத்தில், மறுபடியும் விரித்தது.