எல்லாம் தங்கைக்கே

அண்ணன் போனில் கூப்பிட்டபோது அவள் தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்காகக் கண்ணாடிக் காம்பை வளைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா உயில மாத்தி எழுதப்போறாங்க. வீடு முழுக்க உனக்குத்தான். நான்தான் சொன்னேன்," என்றான்.

"ஏன்?"

"தங்கச்சிக்குக் குடுக்கறதுக்குக் காரணம் வேணுமா?"

அவளுக்கு வேண்டியிருந்தது. சின்ன வயதில் பென்சிலை உடைத்துப் பங்கு போட்டால்கூட முனையுள்ள துண்டை எடுத்துக்கொள்கிறவன் அவன். அப்பா போன பிறகு அம்மா எழுதிய உயிலில் கீழ்வீடு அவனுக்கு, மாடி இவளுக்கு என்று இருந்தது. அதிலும் கார் நிறுத்தும் இடம் தன் பங்கில்தான் சேரும் என்று தனியாக ஒரு வரி எழுத வைத்திருந்தான். அப்பேர்ப்பட்டவன் முழு வீட்டையும் தூக்கிக் கொடுக்கிறானாம்.

மறுநாள் கடைக்கு விடுமுறை. கீழ்வீட்டில் அண்ணனோடு இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போனாள். அம்மாவின் காலில் ஆறாத சர்க்கரைப் புண் ஒன்று இருந்தது. நான்கு வருடமாக அண்ணிதான் அதற்குக் கட்டுப் போடுவாள். அவள் கட்டினால் ஒரு சுருக்கம் இருக்காது. இன்று கட்டு தளர்ந்து கணுக்காலில் தொங்கியது. வாசலில் அண்ணியின் செருப்பும் இல்லை.

"அண்ணி எங்கம்மா?"

"அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. வர ரெண்டு மாசம் ஆகும்னு உங்க அண்ணன் சொன்னான்."

தெருமுனைக்கு வந்து அண்ணிக்குப் போன் செய்தாள்.

"உன்கிட்ட அவரு சொல்லலையா?" என்றாள் அண்ணி. "விவாகரத்து நோட்டீஸ் அனுப்பியிருக்காரு. அவர் பேர்ல எதுவும் வராதுன்னு காட்டிட்டா எனக்கு ஜீவனாம்சம்னு எதுவும் குடுக்க வேண்டியதில்ல பாரு. மாடி கட்டினப்போ என் அஞ்சு வருஷச் சம்பளம் அதுல போச்சு. அதாவது உனக்குத் தெரியுமா?"

தெரியாது. மாடி அப்பாவின் சேமிப்பில் கட்டியது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அண்ணி சொல்வது உண்மையா, இல்லை கோபத்தில் கூட்டிச் சொல்கிறாளா என்றும் ஒரு கணம் தோன்றியது.

திரும்பி வந்தபோது அண்ணன் சாப்பாட்டு மேஜையில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தான். மேலே புது உயிலின் வரைவு. அதற்கு அடியில் இன்னொரு தாள்: வீடு கைக்கு வந்ததும் அதில் பாதியை அண்ணனுக்கு எழுதிக் கொடுக்கச் சம்மதம் என்று அவள் சொல்வதாக இருந்தது. தேதி போடவில்லை.

"இதுல ஒரு கையெழுத்து போட்டுடு. நம்ம வீடு வெளியாளுக்குப் போயிடக் கூடாதுல்ல."

"பதினாலு வருஷமா இங்க இருந்தவ வெளியாளா?"

"நீ யாரு பக்கம் பேசற?"

"படிச்சுப் பாத்துட்டுப் போடறேன்," என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

பேருந்தில் வேறொரு கணக்கு மனதில் ஓடியது. இதில் கையெழுத்துப் போடாமல், உயில் மட்டும் அவன் சொன்னபடி ஆகட்டும் என்று விட்டுவிட்டால் முழு வீடும் அவளுக்கு. யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த யோசனையில் இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் தாண்டிப் போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை, அண்ணன் குளித்துக்கொண்டிருக்கும்போதே வந்து அம்மாவுக்குக் கட்டை மாற்றியபடி எல்லாவற்றையும் சொன்னாள். தாளையும் காட்டினாள். அம்மா அதை எட்டப் பிடித்து வாசித்தாள்.

"எல்லாம் உனக்கேன்னு எழுதினா, அவனுக்குத் திருப்பிக் குடுப்பியா?"

"தெரியலம்மா."

அம்மா தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து மூவரும் அண்ணனின் காரில் வக்கீலிடம் போனார்கள். வக்கீல் ஓர் அம்மாள். பிள்ளைகள் இருவரையும் வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். பெஞ்சில் அண்ணன் அவள் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"அம்மாகிட்ட ஏதாவது சொன்னியா?"

"சொல்ற மாதிரி என்ன இருக்கு?"

முக்கால் மணி நேரம் ஆனது. பக்கத்து அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட உள்ளே போய் வந்தார்கள். கதவு திறந்ததும் அண்ணன் எழுந்து, "எழுதிக் குடுத்தபடியேதானே மேடம்?" என்றான்.

"அது அவங்க உயில். அவங்க சொன்னா உண்டு," என்றார் வக்கீல்.

"மறைக்க என்ன இருக்கு," என்றாள் அம்மா. "மூணு பங்கு. உங்க ரெண்டு பேருக்கும், மருமகளுக்கும்."

 அண்ணன் தங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியிறங்கினான். கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அம்மாவும் மகளும் பேருந்தில் திரும்பினார்கள்.

செய்தது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பாதி மூன்றில் ஒன்றாகிவிட்டது என்று மனசு முணுமுணுத்தது. அண்ணிக்கும் ஒரு பங்கு என்ற யோசனையை யார் அம்மா காதில் போட்டிருப்பார்கள்?

"அண்ணி உங்ககிட்ட பேசினாங்களாம்மா?"

"போன வாரமே பேசினா."

"அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியும். பின்ன ஏன் எங்கிட்ட திருப்பிக் குடுப்பியான்னு கேட்டீங்க?"

"நீ என்ன சொல்றேன்னு பாக்கணும்ல," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள் அம்மா.

அதன் பிறகு அண்ணன் மூன்று மாதம் தங்கையோடு பேசவில்லை. அவன் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, வாரத்தில் இரண்டு நாள் அண்ணி வந்து கட்டு மாற்றிவிட்டுப் போகிறாள். மற்ற நாட்களில் இவள் போகிறாள். உயில் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அம்மா தனியாக வெளியே போய் வந்தாள் என்று கேள்விப்பட்டால் மட்டும், வக்கீல் அலுவலகப் பக்கம் போனாளா என்று மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவர்களிடம் இவள் மெதுவாக விசாரித்து வைத்துக்கொள்வாள்.