அருந்ததிக்குப் பக்கத்தில் ஒரு கேலக்ஸி

என் அக்கா மகள் இசைவாணிக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அன்று சிதம்பரம் கல்யாண மண்டபத்தில் எனக்கு அப்படி வேர்த்திருக்காது.

வடக்கு வானத்துச் சுருள் கேலக்ஸி ஒன்றைத்தான் ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்தாள். இரண்டு கோடி ஒளியாண்டு தூரமாம். ஒளியாண்டு என்றால் என்ன என்று கேட்டுவிட்டு அரைமணி நேரம் மாட்டிக்கொண்டவன் நான். "கண்ணுல படாதத பட்டுதுன்னு ஒரு வரிகூட எழுதல மாமா" என்பாள். கல்யாணத்திலாவது கொஞ்சம் அனுசரித்துப் போவாள் என்று நம்பினோம்.

தாலி கட்டி, அம்மி மிதித்தாயிற்று. ஐயர் தில்லைநாதன் மணமக்களை வாசலுக்கு அழைத்துவந்து வானத்தைக் காட்டினார். ஆவணி வெயில், காலை பத்து மணி.

"அருந்ததி தெரியுதாம்மா?"

"தெரியல சாமி."

இந்தப் பதிலை நாற்பது வருடத்தில் அவர் கேட்டதில்லை. "தெரியுதுன்னு சொல்லும்மா, போதும்."

"வெயில்ல எப்படித் தெரியும்? நீங்க காட்டுறதும் தெக்கால. அருந்ததி இப்ப வடகிழக்குல இருக்கு. பக்கத்துலதான் என் கேலக்ஸி."

இவ்வளவும் கேட்டது முன்னால் நின்ற நாலு பேருக்குத்தான். பந்திவரை போன செய்தி, பெண்ணுக்குக் கண் தெரியாது, மறைத்துக் கட்டிவிட்டார்கள் என்பது. மாப்பிள்ளை வீட்டுக் கடலூர் சம்பந்திகள் பொங்கலைப் பாதியில் விட்டு எழுந்து வந்தார்கள். "பொண்ண நீங்களே வச்சிக்குங்க!" என்றார் ஒரு பெரியப்பா. அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு இசைவாணிமேல் ஆத்திரமான ஆத்திரம். ஒரு 'உம்' கொட்டினால் குறைந்தா போய்விடுவாள்?

"எனக்கும் தெரியல" என்றான் மாப்பிள்ளை செந்தமிழ்செல்வன், மெல்ல.

"பாத்தீங்களா, மாப்பிள்ளைக்கும் கண்ணு கோளாறு!" என்று எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் குதித்தார்.

மாப்பிள்ளையின் அம்மா ஞானாம்பாள் முன்னால் வந்தாள். "ஐயரே, ஒங்களுக்குத் தெரியுதா?"

"காட்டுறதுதாம்மா என் வேலை."

ஞானாம்பாள் வெறும் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் கல்யாணத்துல தெரியுதுன்னு சொன்னேன். முப்பது வருஷமா புகுந்த வீட்ல எத காட்டினாலும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றவள், இசைவாணியின் கையைப் பிடித்தாள். "வண்டில ஏறும்மா. சாயங்காலம் மாடியில எனக்குக் காட்டு."

"மேகம் இல்லன்னாதான் அத்தை" என்றாள் இசைவாணி.

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.