நானூற்றுப் பன்னிரண்டு இல்லைகள்

லாரிக்காரர்கள் அவளைக் கிலோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக எடைமேடை அறையில் உட்கார்ந்திருக்கிறாள். திரை என்ன காட்டுகிறதோ அதைத்தான் சீட்டில் அடிப்பாள். கெஞ்சினாலும் அதுதான், முறைத்தாலும் அதுதான்.

அந்த அறையின் பழைய கணினிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. நூற்றுத் தொண்ணூறு இலக்கம் கொண்ட ஓர் எண். அதை மீதியில்லாமல் வகுக்கும் காரணி ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது. அதைத் தேடுவதற்கென்றே பல நாடுகளில் முகம் தெரியாதவர்கள் தங்கள் கணினிகளைச் சும்மா தந்திருந்தார்கள். கணினி பழுதுபார்க்கும் அவள் கொழுந்தன்தான் ஒருநாள் விளையாட்டாக அந்த நிரலை ஏற்றிக் கொடுத்தான். முதலாளியும், “எடை தப்பாம இருந்தா என்ன வேணா ஓட்டிக்கோம்மா” என்றுவிட்டார்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நிரல் ஒரு தொடக்க எண்ணை எடுத்துக்கொள்ளும். இருபது மணி நேரம் அரைக்கும். கடைசியில் ஒரு முடிவு எண்ணைத் துப்பிவிட்டு, காரணி இல்லை என்று சொல்லும். அவள் பொதுப் பட்டியலில் ‘இல்லை’ என்று பதிவாள். ஒரு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு இல்லைகள். இந்த இடத்தில் தேடியாயிற்று, இனி இங்கே யாரும் மெனக்கெட வேண்டாம் என்பதும் ஒரு சேதிதானே.

செவ்வாய்க்கிழமை காலை பட்டியலைத் திறந்தால், அவள் பெயருக்கு நேரே சைபர். கீழே பட்டியலைப் பராமரிப்பவரின் குறிப்பு: ‘இவ்வளவு பழைய கணினியில், வேலை நேரத்துக்குள் இத்தனை ஓட்டம் நடக்க வழியில்லை. ஓட்டாமலே எழுதியவை என்று கருதி நீக்கியிருக்கிறோம்.’

அச்சுப்பொறியைத் துடைக்க வந்திருந்த கொழுந்தன் எட்டிப் பார்த்தான். “விடுங்க அண்ணி. ஓசி வேலைக்கு எதுக்கு இவ்வளவு ரோஷம்?”

“ஓசி வேலைதான் தம்பி. அதுக்காகப் பொய்க்காரின்னு பேர் வாங்கணுமா?”

வெளியே ஹாரன் அடித்தது. மணல் லாரி. ஓட்டுநர் சன்னலில் முகத்தை வைத்தார். “கிலோ அக்கா, ஒரு நூறு கிலோ கூடுதலா காட்டுது. நான் இறங்கி நின்னா சரியாயிடுமா?”

“நீங்க இறங்கினா எழுபது குறையும். மிச்சத்துக்கு மணல்தான் இறங்கணும்.”

“ஒரு பேச்சுக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டீங்களே.”

“சீட்டைப் பிடிங்க.”

லாரி நகர்ந்ததும் அவள் இழுப்பறையைத் திறந்தாள். லாரிக்குச் சீட்டுப் போட்ட கை, நிரலையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு சீட்டு: வரிசை எண், தேதி, தொடக்க எண், முடிவு எண், கீழே குறிப்பு. ஒரே தொடக்க எண்ணை எந்தக் கணினியில் ஓட்டினாலும் அதே முடிவு எண்தான் வர வேண்டும். உட்கார்ந்து எழுதினாள்:

‘ஐயா, எடைமேடைக் கணினியை நாங்கள் அணைப்பதே இல்லை. வேலை நேரம் என்று நீங்களாக எழுதிக்கொண்டீர்கள், என்னைக் கேட்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகளையும் இத்துடன் அனுப்புகிறேன். யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பாருங்கள். ஓட்டாமல் எழுதியது ஒன்றே ஒன்று இருந்தாலும் என் பெயரையே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால், எடுத்ததைத் திரும்ப வையுங்கள்.’

குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தை அவள் படியெடுக்கவில்லை. அது அறைச் சமாசாரம், அவர்களுக்கு எதற்கு. பதில் வரும்வரை நிரலையும் நிறுத்திவைத்தாள்.

பட்டியலில் இருந்தவர்களுக்கு வேடிக்கை பிடித்துக்கொண்டது. அவளைப் பொய்க்காரி என்று நிரூபிக்க ஆளுக்குப் பத்துப் பத்தாக எடுத்துப் போனார்கள். எல்லாம் புதுக் கணினிகள். ஐந்தே நாளில் முடித்துவிட்டார்கள்.

ஆறாம் நாள் பதில் வந்தது. ‘முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பொருந்துகின்றன. பதிமூன்று பொருந்தவில்லை. எவை என்று இப்போது சொல்வதாக இல்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?’

கொழுந்தன் படித்துவிட்டு நாற்காலியில் சரிந்தான். “பதிமூணா? போச்சு. பேசாம ஒரு மன்னிப்பு எழுதிப் போட்டுடுங்க அண்ணி.”

“எழுதாததுக்கு மன்னிப்பா?”

அவள் சீட்டுக்கட்டை எடுத்துக் குறிப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். மழை. மின்சாரம் போய் வந்தது. விசிறி மாற்றியது. முந்நூறாவது சீட்டில் விரல் நின்றது.

“தம்பி, இதைப் படி.”

அவன் படித்தான். “‘கொழுந்தன் வேறு மெமரி போட்டார்.’” அடுத்த வரிகளுக்குப் போகாமலே அவன் காது சிவந்தது. “அது கடையில கிடந்தது அண்ணி. நல்லாத்தான் இருந்துச்சு.”

“நல்லா இருந்துச்சு. பதினோரு நாள் கழிச்சு எடை நிரல் ரெண்டு தடவை உறைஞ்சப்புறம் நீயே கழட்டினே. முந்நூத்திப் பதிமூணாவது சீட்டு. அதையும் எழுதி வச்சிருக்கேன்.”

“எல்லாத்தையுமா எழுதி வைப்பீங்க?”

“உன்னை மாதிரி ஆளுங்க வர்ற இடமாச்சே.”

அவள் எழுதிய பதில் இரண்டே வரி. ‘பொருந்தாதவை முந்நூற்றிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரை. மெமரி பழுது, அவற்றை நானே கோடு போட்டு அடித்துவிட்டேன். மீதி முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதை வையுங்கள்.’ அந்தச் சீட்டுகளைப் படம் எடுத்துச் சேர்த்தாள்.

மதிய வேளையில் மறுமொழி வந்தது. இந்த முறை நீளமாக. பதிமூன்றும் அவள் சொன்னவையே. முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் பட்டியலில் ஏறிவிட்டன. ஓட்டாமல் எழுதியவர் என்ற குறிப்பு நீக்கப்பட்டது. கூடவே இன்னொரு சேதி. அவளுடைய முந்நூற்றேழாவது தொடக்க எண்ணை, ஆமை என்ற புனைபெயர்க்காரர் மறுபடி ஓட்டியபோது நாற்பத்துநான்கு இலக்கக் காரணி ஒன்று விழுந்திருக்கிறது. ‘தொடக்க எண் உங்களுடையது. கண்டுபிடித்தவர் என்று உங்கள் பெயரையே போடலாம் என்று நினைக்கிறோம். நடந்ததை இத்துடன் மறந்துவிடுவோம்.’

கொழுந்தன் எழுந்தே நின்றுவிட்டான். “அண்ணி, உலகமே பார்க்கிற பட்டியல். சரின்னு சொல்லுங்க.”

“என் மெஷின் என்ன சொல்லுச்சு?”

“இல்லைன்னு சொல்லுச்சு.”

“இருக்குன்னு சொன்னது யாரு மெஷின்?”

அவன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான்.

அவள் தட்டினாள்: ‘காரணி ஆமையுடையது. அவர் பெயரைப் போடுங்கள். என் பெயருக்கு நேரே முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஒன்று கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். மறப்பதற்கில்லை ஐயா. அடுத்தவர் பெயரை அடிக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.’

அனுப்பினாள். காரணியால் வகுத்தபின் மிஞ்சிய எண் இன்னும் உடையாமல்தான் நின்றது; அதற்கும் காரணி தேட வேண்டும். நிறுத்திவைத்திருந்த நிரலை ஓடவிட்டாள்; அது புதிதாக ஒரு தொடக்க எண்ணை எடுத்துக்கொண்டது. அவள் நானூற்றுப் பதிமூன்றாம் சீட்டைக் கிழித்துத் தேதி போட்டாள். குறிப்பு என்ற இடத்தில், ‘கொழுந்தன் அறையில் இருக்கிறார், எதையும் தொடவில்லை’ என்று எழுதினாள்.

வெளியே ஹாரன் அடித்தது.